பிள்ளைத்தாச்சிக்கு ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் கொடுங்கள்

"ஸ்கேன் எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டால், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அநேகமாக எல்லாப் பிள்ளைத்தாச்சிகளும் "எடுத்தாச்சு சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். அது உண்மையும்கூட. கிராம சுகாதாரச் செவிலியராக இந்தப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பதிலுக்குப் பிறகு ஃபைலை வாங்கி, ரிப்போர்ட்டில் இருக்கும் தேதியையும் வாரக் கணக்கையும் பார்ப்பது என் வழக்கம். ஒருவரிடம் ஏழாவது வாரத்தில் எடுத்த ஸ்கேன் இருக்கும். கர்ப்பம்தானா, துடிப்பு வந்துவிட்டதா என்று பார்த்தது. இன்னொருவரிடம் எட்டாம் மாதத்தில் எடுத்தது இருக்கும். எடை என்ன, தலை திரும்பிவிட்டதா என்று பார்த்தது. 18 வாரத்துக்கும் 20 வாரத்துக்கும் இடையில் எடுத்திருக்க வேண்டிய ஸ்கேன் மட்டும் பலருடைய ஃபைலில் இருக்காது.

ஊரில் அதை 'அஞ்சாம் மாச ஸ்கேன்' என்பார்கள். டாக்டர்கள் 'அனாமலி ஸ்கேன்' என்பார்கள். குழந்தையின் உறுப்புகளில் குறை ஏதும் இருக்கிறதா என்று தலை முதல் பாதம்வரை தேடிப் பார்ப்பதற்கென்றே உள்ள ஸ்கேன் அது. முன்னால் எடுத்ததோ பின்னால் எடுத்ததோ அதற்கு ஈடாகாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள சூளைகளிலும் குப்பங்களிலும் வாழும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த ஒரு ஸ்கேன், அந்த வாரங்களுக்குள், கூலி இழப்பில்லாமல், பயிற்சி பெற்றவர் கையால் கிடைக்க வேண்டும். அதைக் கொடுக்கும் பொறுப்பு அரசுக்கும் ஆலை நிர்வாகங்களுக்கும் சேர்ந்தே இருக்கிறது. இதுதான் நான் சொல்ல வந்தது.

அந்த வாரங்கள் ஏன் முக்கியம்?

நூறு குழந்தைகள் பிறந்தால் அதில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பெரிய அளவிலான பிறவிக் குறைபாடு இருக்கும். இது உலகம் முழுவதும் உள்ள கணக்கு. இதயக் குறைபாடு மட்டுமே ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு வருகிறது. 18 வாரத்தில் கருவின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும், கண்ணால் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்தும் இருக்கும். பனிக்குட நீர் போதுமான அளவு சூழ்ந்திருப்பதால் படம் தெளிவாக விழும். எட்டாம் மாதத்தில் எலும்பு கெட்டிப்பட்டு நிழல் அடிக்கும், குழந்தை மடங்கிக் கிடக்கும், பல இடங்கள் மறைந்துபோகும்.

பெண்களுக்குத் துணையாக நான் ஸ்கேன் அறைக்குள் நின்றிருக்கிறேன். வயிற்றில் ஜெல்லைத் தடவி, டாக்டர் தலையில் தொடங்குவார். மூளையின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, உள்ளே நீர் கட்டியிருக்கிறதா, பின்பக்கச் சிறுமூளை சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். மேல் உதடு பிளவு இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். முதுகெலும்பை மேலிருந்து கீழே ஒவ்வொரு கணுவாகப் பார்த்துக்கொண்டே வருவார். இதயத்தில் நான்கு அறைகளும் தெரிய வேண்டும், அதிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டும். பிறகு இரைப்பை, வயிற்றுச் சுவர், இரண்டு சிறுநீரகம், சிறுநீர்ப்பை, கை, கால், பாதத்தின் கோணம். குழந்தை குப்புறக் கிடந்து முகம் காட்டவில்லை என்றால், "வெளியே போய் ஒரு நடை நடந்துட்டு, ஏதாவது சாப்பிட்டுட்டு வாம்மா" என்று அனுப்பி, மறுபடியும் கூப்பிட்டுப் பார்ப்பார். பொறுமையாகச் செய்தால் அரை மணி நேரம் பிடிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டுதலில், 24 வாரத்துக்குள் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. குறைபாடுகளைக் கண்டுபிடிப்பது அதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று. 24 வாரத்துக்கு நம் சட்டத்திலும் தனி முக்கியத்துவம் உண்டு.

1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் முதலில் 20 வாரத்தை எல்லையாக வைத்திருந்தது. 2008இல் மும்பையைச் சேர்ந்த நிகேதா மேத்தாவுக்கு, கருவின் இதயத்தில் கடுமையான துடிப்புத் தடை இருப்பது அந்த எல்லை தாண்டிய பிறகுதான் தெரிந்தது. அவரும் அவருடைய டாக்டர் நிகில் தாத்தாரும் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் அனுமதி மறுத்தது. அவரைப் போன்ற பல பெண்கள் நீதிமன்றப் படியேறிய பிறகுதான் சட்டம் மாறியது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம்வரை, கருவில் கடுமையான குறைபாடு இருப்பது உட்படச் சில காரணங்களுக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். 24 வாரம் கடந்துவிட்டால், கணிசமான குறைபாடு இருப்பதாக மாநில அரசு அமைத்த மருத்துவக் குழு சொல்ல வேண்டும். மனு வந்த மூன்று நாளில் அந்தக் குழு கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதிகளில் இருக்கிறது.

காகிதத்தில் இது வழிதான். ஆனால் வாரம் ஏற ஏற, கருக்கலைப்பு என்பது பிரசவமாகவே ஆகிவிடுகிறது. இந்தச் சட்டத் திருத்தம் வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். தலைப்பிரசவம். இரண்டாம் மாதம் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தார். ஐந்தாம் மாதத்தில் லீவு போட்டால் வருகை போனஸ் போய்விடும் என்று தள்ளிப்போட்டு, ஏழாம் மாதம்தான் ஸ்கேனுக்குப் போனார். குழந்தைக்கு மண்டை ஓடு மூடவே இல்லை என்று தெரிந்தது. பிழைக்க வழியில்லாத குறைபாடு அது. எட்டாம் மாதம் வலி வந்து, பெற்று, அந்தக் குழந்தை ஓர் இரவு மட்டும் இருந்தது. நான் பார்க்கப் போனபோது, பால் கட்டிக்கொண்ட மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். "முன்னாடியே தெரிஞ்சிருக்குமா சிஸ்டர்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தெரிந்திருக்கும் என்பதுதான் உண்மை. மண்டை ஓடு உருவாகாத குறையை லண்டனில் ஸ்டூவர்ட் கேம்ப்பெல் குழுவினர் 17ஆவது வாரத்திலேயே ஸ்கேனில் கண்டுபிடித்து 'லான்செட்' இதழில் எழுதியது 1972இல். இன்றைய எந்திரங்களில் அது மூன்றாம் மாதம் முடிவதற்குள்ளேயே தெரிந்துவிடும்.

நாள் எங்கே தவறுகிறது?

அறியாமையால்தான் பெண்கள் வருவதில்லை என்று கூட்டங்களில் பேசுவார்கள். என் அனுபவம் அதைச் சொல்லவில்லை. நாள் தவறுவதற்குக் காரணங்களைத் தெருத் தெருவாக என்னால் சொல்ல முடியும்.

சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் வேலை செய்யும் பெண்களில் பெரும்பகுதி காண்ட்ராக்ட். வராத நாளுக்குக் கூலி இல்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பார். மகப்பேறு காலச் சம்பள விடுப்பை 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கொடுத்தது, 2017இல் அது 26 வாரமாக உயர்ந்தது. நல்ல சட்டம். ஆனால் பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைக்கென்று ஒரு நாள் சம்பளத்தோடு விட வேண்டும் என்று அது சொல்லவில்லை. பிரிட்டனில் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டில் செய்த பரிந்துரையிலும், கர்ப்பகாலப் பரிசோதனைக்காகப் பணியிடத்தை விட்டுப் போக அனுமதி தர வேண்டும் என்று இருக்கிறது.

அடுத்தது சூளை. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள், பருவம் முடியும்வரை சூளையை விட்டு நகர முடியாது. அந்தப் பெண்ணுக்கு எப்போது நாள் தள்ளிப்போனது என்று கேட்டால், ஊரில் கொண்டாடிய ஏதோ ஒரு பண்டிகையை வைத்துச் சொல்வார். அந்தப் பண்டிகை என்றைக்கு வந்தது என்று நாம் தேடிக் கண்டுபிடித்து வாரம் கணக்கிட வேண்டும். வாரக் கணக்கே தெரியாத பெண்ணுக்கு 18ஆவது வாரம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மூன்றாவது தூரம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று நின்று நின்று போகும். எங்கள் மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு நேர் ரயில் கிடையாது. அது அரக்கோணம் பாதையில் இருக்கிறது, நாங்கள் கூடூர் பாதையில் இருக்கிறோம். ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய் மாறித்தான் திருவள்ளூர் போக வேண்டும். இல்லையென்றால் பெரியபாளையம் வழியாகப் பஸ். திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது மாவட்டத்துக்கே பெருமை. ஆனால் ஆரம்பாக்கத்திலோ எளாவூரிலோ பழவேற்காட்டிலோ இருக்கும் ஒரு பெண்ணுக்கு சென்னையில் ராயபுரம், எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிகள்தான் போக்குவரத்துக்கு வசதி. அங்கே போனால், அன்றைக்கே ஸ்கேன் கிடைப்பது அதிர்ஷ்டம். தேதி கொடுப்பார்கள். அந்தத் தேதி 22ஆவது வாரத்தில் விழும். துணைக்கு வரும் மாமியாருக்கும் கணவருக்கும் இரண்டாவது தடவையும் கூலி போகும். தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போனால் பல நாள் கூலி ஒரே நேரத்தில் கையை விட்டுப் போகும்.

இதில் எந்த இடத்தில் பெண்ணின் அறியாமை வருகிறது?

ஸ்கேன் எந்திரம் பிறந்த கதை எங்கள் ஊர் ஆலைகளுக்கு அந்நியமானது இல்லை. 1955இல் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் ஆலைக்குப் போனார். இரும்பிலும் வெல்டிங்கிலும் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலை அனுப்பிப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. அதை வைத்து அந்தக் கட்டிகளைச் சோதித்துப் பார்த்தார். பிறகு பொறியாளர் டாம் பிரௌன், டாக்டர் ஜான் மெக்விகார் இருவரோடும் சேர்ந்து 1958இல் 'லான்செட்' இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் மகப்பேறு ஸ்கேனுக்கு அடித்தளம். இரும்பு ஆலையில் பிறந்த சோதனை அது. இரும்பு உருக்கும் ஊரில் வேலை செய்யும் பெண்ணுக்கு அதற்காக ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுப்பது எந்த நிர்வாகத்துக்கும் பெரிய சுமை ஆகிவிடாது.

கலைப்பதற்காக மட்டுமா?

"குறை இருக்குன்னு தெரிஞ்சா கலைக்கச் சொல்வாங்க, அதுக்கு எதுக்கு ஸ்கேன்?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த ஸ்கேனை வலியுறுத்தக் கூடாது.

ஒடிசாவிலிருந்து வந்து இங்கே உருக்காலையில் வேலை பார்ப்பவரின் மனைவி ஒருவர். ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் சிறுநீர்ப்பை வீங்கி, இரண்டு சிறுநீரகத்திலும் நீர் தேங்கியிருப்பது தெரிந்தது. ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வரும் வழியில் ஒரு சவ்வு அடைத்துக்கொள்வதால் வரும் குறை. யாரும் கலைக்கச் சொல்லவில்லை. மாதா மாதம் பார்த்தார்கள். குழந்தை அறுவை சிகிச்சை வசதி இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். பிறந்த உடனே குழாய் வைத்து, சில நாளில் அந்தச் சவ்வை நீக்கிவிட்டார்கள். தெரியாமல் வீட்டுப் பக்கத்தில் பிறந்திருந்தால், ஜுரம் வந்து, சிறுநீரகம் கெட்ட பிறகுதான் காரணம் தெரிந்திருக்கும். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தமிழும் ஒடியாவும் கலந்து பேசுகிறான்.

இதயக் குறைபாட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருக்கும் குறை ஒன்று இருக்கிறது. குழந்தை பிறந்ததும் அழும், சிவப்பாகக்கூடத் தெரியும். சில மணி நேரத்தில் நீலம் பாய்ந்துவிடும். முன்பே தெரிந்தால் பிறந்த நிமிடத்திலிருந்து மருந்து ஏற்றி, அறுவை சிகிச்சைவரை காப்பாற்றலாம். பாரிஸ் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த பிறகு இந்தக் குறை தெரியவந்த 250 குழந்தைகளில் 15 குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கு முன்பே இறந்தார்கள். கருவிலேயே தெரிந்திருந்த 68 குழந்தைகளில் ஒருவர்கூட அப்படி இறக்கவில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. பணத்துக்கு வழி இருக்கிறது. சரியான நேரத்தில் சரியான இடத்தில் குழந்தை பிறப்பதற்கு வழி செய்வது ஐந்தாம் மாத ஸ்கேன்.

கலைப்பதா, பெற்று வளர்ப்பதா என்ற முடிவு அந்தப் பெண்ணுடையது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணுக்குத் தன் சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்தோ மாமியார் சம்மதமோ தேவை என்று கருக்கலைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. அதேபோல், குறையோடு பிறக்கும் குழந்தையைப் பெற்றுக்கொள்ளத் தீர்மானிக்கும் தாயை யாரும் பழிக்கவும் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை மாநில அரசு கொடுக்கிறது. இந்தத் தகவல்களும் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சேர்த்து அந்தத் தாயின் கைக்கு வர வேண்டும். வளர்ப்பதற்கு என்ன உதவி இருக்கிறது என்று தெரியாமல் எடுக்கும் முடிவு முழுமையான முடிவாகாது.

எந்திரம் மட்டும் போதாது

அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்கேன் எந்திரம் வந்தால் பேப்பரில் படம் வரும், திறப்பு விழா நடக்கும். எந்திரம் இருப்பது வேறு, ஐந்தாம் மாத ஸ்கேன் ஒழுங்காக நடப்பது வேறு. அமெரிக்காவில் 15,000 கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 1993இல் வெளியான பெரிய ஆய்வில், 24 வாரத்துக்குள் குறைகளைக் கண்டுபிடித்த விகிதம் சிறப்பு மையங்களில் 35 சதவீதம், மற்ற இடங்களில் 13 சதவீதம். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1990இல் வெளியான ஆய்வில், ஒரே ஊரின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஒன்று 77 சதவீதத்தையும் மற்றது 36 சதவீதத்தையும் கண்டுபிடித்திருந்தன. எந்திரங்கள் அதற்குப் பிறகு எவ்வளவோ முன்னேறிவிட்டன. பார்க்கும் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும் என்பது மாறவில்லை.

பயிற்சிக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. கருவில் இருக்கும் குழந்தையையே நோயாளியாகப் பார்க்கும் மருத்துவத்தை இந்தியாவில் வளர்த்த இடங்களில் சென்னை முக்கியமானது. டாக்டர் எஸ். சுரேஷ் சென்னையில் தொடங்கிய மெடிஸ்கேன் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். அவ்வளவு திறமை இருக்கும் நகரத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஒரு பயிற்சி பெற்ற மருத்துவர் இங்கே வந்து உட்கார வழி செய்ய முடியாதா?

"நீர் போதுமானது, துடிப்பு நன்று, வயது 19 வாரம்" என்று நான்கு வரி எழுதி, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடும் ஸ்கேன், ஐந்தாம் மாதத்தில் எடுத்தாலும் ஐந்தாம் மாத ஸ்கேன் ஆகாது. இதயத்தின் நான்கு அறைகள், முதுகெலும்பு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றும் பார்க்கப்பட்டதாக எழுதியிருக்கிறதா என்று குடும்பத்தினர் கேட்க வேண்டும். கேட்பது அவர்களுடைய உரிமை.

அந்த ஸ்கேனால் பார்க்க முடியாதவையும் உண்டு. காது கேளாமை, ஆட்டிசம், வளர்சிதை மாற்றக் கோளாறுகள் எதுவும் அதில் தெரியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையிலும் பல நேரம் எல்லாம் சரியாகவே தெரியும். அதற்கு மூன்றாம் மாதத்தில் கழுத்துப் பின்புறத் தோலின் தடிமனைப் பார்க்கும் என்.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அதேபோல், ஸ்கேனில் தெரியும் சின்னச் சின்ன அடையாளங்கள், மூளையில் ஒரு நீர்க்கொப்புளம், இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, பெரும்பாலும் தானாக மறைந்துபோகும் அல்லது தொந்தரவு செய்யாமல் இருந்துவிடும். இதை யாரும் சொல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் கையில் கொடுத்தால், அந்தப் பெண் பிரசவம்வரை தூங்க மாட்டார்.

அதனால்தான் ஸ்கேன் அறைக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறேன். எங்கள் பகுதியில் தமிழ் மட்டும் பேசிப் பயனில்லை. ஆந்திர எல்லை என்பதால் பாதி வீடுகளில் தெலுங்கு. சிப்காட் லைன் வீடுகளில் இந்தி, ஒடியா, வங்காளம். "பிட்ட பாகுந்தா?", "பச்சா டீக் ஹை?", "குழந்தை நல்லா இருக்கா?" என்று எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவரவருக்குப் புரியும் மொழியில், தனி அறையில், உட்கார வைத்து, நிதானமாகப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் முன்னால், நின்றபடியே சொல்லும் செய்தி இல்லை இது.

பெண் சிசுவுக்கான சட்டத்தை விட்டுக்கொடுக்காமலே

ஸ்கேனைப் பரவலாக்கினால் ஆணா பெண்ணா பார்க்கும் கொடுமை திரும்பிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் இது. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இறுக்கமாக இருக்க வேண்டும். முதல் தடவை மீறினாலே மூன்றாண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் எழுத வேண்டும். 'இங்கு கருவின் பாலினம் தெரிவிக்கப்பட மாட்டாது' என்ற பலகை மாட்ட வேண்டும். இந்தச் சட்டமே பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிவதை அனுமதிக்கப்பட்ட காரணமாக ஏற்றுக்கொள்கிறது. அரசு ஆஸ்பத்திரியில், பதிவு செய்த எந்திரத்தில், கணக்கு வைத்து நடக்கும் ஸ்கேன்தான் இந்தச் சட்டத்துக்கும் பாதுகாப்பு.

ஸ்கேனுக்கு முன்னும் பின்னும்

கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனதே பல பெண்களுக்கு அதற்குள் உறைக்காது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கினால், ஏற்கனவே அந்தக் குழாய் மூடாத குறையோடு குழந்தை பெற்றவர்களுக்கு மறுபடியும் வருவது 72 சதவீதம் குறைகிறது என்று பிரிட்டனில் 1991இலேயே நிரூபித்துவிட்டார்கள். ஒவ்வொரு கிராம சுகாதாரச் செவிலியரிடமும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு இருக்கிறது. எந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். கல்யாணமான மாதமே மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கலாம். தமிழ்நாட்டில் கால்பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடக்கின்றன. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் குடும்பங்களில் பிறவிக் குறைபாடு பற்றிய பேச்சைக் கல்யாணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இங்கே உண்டு. "இந்தப் புகையினாலயா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகளும் இரும்பு உருக்கும் ஆலைகளும் இங்கே இருக்கின்றன. ஈயம் தாயின் எலும்பில் தங்கி, கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் இறங்கி, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும் என்பது மருத்துவ நூல்களில் உள்ளது. காற்று மாசு குழந்தையின் எடையைக் குறைக்கும் என்பதும் உறுதியானது. ஒரு தாய்க்கு நேர்ந்த குறைக்கு ஓர் ஆலையைக் காரணம் காட்ட அது போதாது. அதற்குக் கணக்கு வேண்டும். தாலிடோமைடு மாத்திரையால் கை கால் வளராமல் ஆயிரக்கணக்கில் குழந்தைகள் பிறந்த பிறகு, 1967இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறவிக் குறைபாடுகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். நம் மாவட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்திலும், ஸ்கேனில் கண்டதையும் பிறப்பில் கண்டதையும் ஒரே பதிவேட்டில் ஏற்றினால், சிப்காட் ஓரத்துக் கிராமங்களுக்கும் மற்ற கிராமங்களுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று சில ஆண்டுகளில் தெரிந்துவிடும். இருந்தால் நடவடிக்கை எடுக்கலாம். இல்லையென்றால் தாய்மார்களின் மனதில் இருக்கும் பாரம் இறங்கும்.

செய்ய வேண்டியவை

மாவட்ட நிர்வாகத்திடமும் சுகாதாரத் துறையிடமும் நான் கேட்பது இவை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிகளில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களை ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மட்டும் ஒதுக்குங்கள். அதற்கென்று பயிற்சி பெற்ற மருத்துவரை நியமியுங்கள். கர்ப்பம் பதிவாகும் அன்றைக்கே, அந்தப் பெண்ணுக்கு 18 வாரம் எந்தத் தேதியில் நிறைகிறது என்று கணக்கிட்டு, ஸ்கேன் தேதியைத் தாய்-சேய் நல அட்டையில் எழுதிக் கொடுங்கள். பிக்மி எண் போட்டு ஒவ்வொரு கர்ப்பிணியையும் கணினியில் தொடரும் மாநிலத்துக்கு இது கடினமான வேலை இல்லை. குறை தெரிந்தால், அடுத்து எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருத்துவர் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள். சூளைகளுக்கு வண்டி அனுப்பிப் பெண்களைக் கூட்டி வாருங்கள். ஆதார் எந்த ஊர், ரேஷன் கார்டு இருக்கிறதா என்று அந்த வரிசையில் யாரும் கேட்கக் கூடாது.

ஆலை நிர்வாகங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. காண்ட்ராக்ட் பெண்ணாக இருந்தாலும், ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போகும் நாளைச் சம்பளத்தோடு விடுங்கள். அவர் கணவர் உங்களிடம் வேலை பார்ப்பவர் என்றால் அவருக்கும் அந்த நாளை விடுங்கள். தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் இந்தக் கோரிக்கையை முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்.

வீட்டில் ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தால், இதைப் படித்து முடித்ததும் காலண்டரை எடுங்கள். கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 18 வாரத்தை எண்ணுங்கள். அந்தத் தேதியை வட்டமிடுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே உங்கள் செவிலியரிடம் போய், "ஸ்கேனுக்கு எழுதிக் கொடுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். அவர் மறந்திருந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.